முந்திக்கொண்ட சர்வர்

"பூட் சர்வர்னா என்ன அண்ணி? பூட்ஸ் போட்டுக்கிட்டு வந்து டேபிள் துடைப்பாரா?"

ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போட்டபடி கொழுந்தன் கேட்டான். பின்சீட்டிலிருந்து இறங்கிய அண்ணி ஹெல்மெட்டைக் கழற்றி அவன் கையில் திணித்தாள்.

"இதையே உள்ள போய்க் கேளு. கேஸ் குடுத்தவங்க வாசலோட அனுப்பிடுவாங்க."

துப்பறியும் தொழிலில் அவளுக்கென்று சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் போகிற இடமெல்லாம் கணவரின் தம்பி 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கேஸ் கொடுப்பவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ரிட்டயர் ஆகப் போகிற இன்ஸ்பெக்டர் ஒருவர்கூட, "அண்ணி சொன்னா சரியா இருக்கும்" என்று பேசுவது வழக்கமாகிவிட்டது.

லிஃப்ட் வாசலிலேயே முதலாளி காத்திருந்தார். கட்டடங்களுக்குப் படம் வரைந்து கொடுக்கும் நிறுவனம் அது. அவருடைய டை ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம் தொங்கியது.

"நகரத்துக்குப் புது நூலகம் கட்டப் போறாங்க. போட்டி. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள படம் போய்ச் சேரணும். என் ஆர்க்கிடெக்ட் ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பேர்ல ஒரு படம் வரைஞ்சிருந்தாங்க. காலையில மெயின் சுவிட்சப் போட்டா மெஷின் எல்லாம் தானா எழுந்திருக்கும். இன்னிக்கு வந்து பாத்தா, டிராயிங் ஹால்ல இருக்கற மெஷின் எல்லாம் துடைச்சு வெச்ச சிலேட்டு மாதிரி இருக்கு. படமும் இல்ல, ஒண்ணும் இல்ல. புதுசா ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டு முடிச்சிருக்கு."

தன் போனை நீட்டினார். ஒரு கம்ப்யூட்டர் திரையைப் படம் பிடித்திருந்தார். நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து: *நிருவல் முடிந்தது. நல்வரவு.*

"இத எனக்கு அனுப்புங்க" என்றாள் அண்ணி. "எல்லா மெஷினும் இப்படியா?"

"முதல் ரெண்டு வரிசையத்தான் பாத்தேன். பதறிப் போய் மெயின் சுவிட்ச அணைச்சிட்டேன். அப்புறம் யாரையும் தொட விடல."

"வேற எங்கயும் காப்பி இல்லையா?"

முதலாளி டையைச் சரிசெய்தார். "பொது இடம் ஒண்ணு இருக்கு. யாரும் வைக்க மாட்டாங்க. ஒருத்தர் படத்த இன்னொருத்தர் பாத்துடுவாங்களாம். பென்சில் சீவுறதக்கூட மறைச்சுக்கிட்டுச் சீவுற கூட்டம் இது."

"பொறாமைக்குப் பூட்டு போட்டிருக்கீங்க. படத்துக்குப் போடல" என்றான் கொழுந்தன்.

"யாரைச் சந்தேகப்படறீங்க?" என்று முதலாளியைக் கேட்டாள் அண்ணி.

"சந்தேகம் என்ன அண்ணி, ஊருக்கே தெரியும். கம்ப்யூட்டரெல்லாம் பாத்துக்கற சர்வரம்மா. அவங்க வெச்ச பூட் சர்வர்தான் எல்லாத்தையும் அழிச்சிருக்கு. நீங்க ஒரு வார்த்தை உறுதியாச் சொன்னா போதும். மத்தியானத்துக்குள்ள வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

சர்வர் அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான். ஏ.சி. குளிருக்கு ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண்மணி, ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அழுது முடித்துக் கண்ணைக் கழுவிக்கொண்டு வந்த முகம். கொழுந்தன் வாசலில் கேட்ட அதே கேள்வியை அவரிடமும் கேட்டான். அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் சர்வரம்மா லேசாகச் சிரித்தார்.

"கிட்டத்தட்ட சரிதாங்க. ஓட்டல் மாதிரிதான். மெஷின் கண்ணு முழிக்கும்போது அதுக்குத் தான் யாருன்னே தெரியாது. 'யாராவது இருக்கீங்களா'ன்னு நெட்வொர்க்ல ஒரு குரல் குடுக்கும். என் சர்வர் ஓடிப் போய், 'உனக்கு இந்த டேபிள்'னு ஒரு முகவரி குடுக்கும். கூடவே மெனுவ நீட்டும். புது சிஸ்டம் போடணுமா, உள்ள இருக்கறதையே திறக்கணுமான்னு. எது வேணும்னு சொன்னா, சமையக்கட்டுல இருந்து எடுத்துட்டு வந்து குடுக்கும்."

"ஒண்ணும் சொல்லாம உக்காந்திருந்தா?" என்றாள் அண்ணி.

"கொஞ்ச நேரம் பாத்துட்டு, உள்ள இருக்கறதையே திறந்துடும். டிராயிங் ஹாலுக்கு அப்படித்தான் வெச்சிருந்தேன். மத்த அறைக்கெல்லாம் புது சிஸ்டம் போட்டு முடிச்சாச்சு. போட்டி முடியற வரைக்கும் அந்த ஹால் பக்கம் கை வைக்கக் கூடாதுன்னு விட்டிருந்தேன்."

"அந்த மெஷினுங்க ஏன் மெனுவக் கேக்கணும்? பேசாம எழுந்திருக்க வேண்டியதுதானே?"

"எல்லாத்தையும் முதல்ல நெட்வொர்க்கக் கேட்டுட்டு எழுந்திருன்னு மாத்தி வெச்சது நான்தான்." அவர் குரல் இறங்கியது. "அதான் எல்லாரும் என்னைச் சொல்றாங்க. என் மெனுவத் திறந்து காட்டினேன். சரியாத்தான் இருக்கு. 'தப்பு பண்ணிட்டு இப்ப மாத்தி வெச்சிருப்பே'ங்கறாங்க."

அண்ணி மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் காட்டினாள். "இதுல ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. முழுசா, கடைசி வரைக்கும்."

சர்வரம்மா கேபிளைச் செருகி, பொத்தானை அழுத்தினார். கறுப்புத் திரையில் ஒரு கோடு துடித்தது. முகவரி வந்தது. மெனு வந்தது. புது சிஸ்டம் என்பதை அவர் தேர்ந்தெடுத்ததும் ஒரு பட்டை மெதுவாக நிறைய ஆரம்பித்தது. கொழுந்தன் பொறுமையிழந்து விசிலடிக்க ஆரம்பித்து, அண்ணி பார்த்த பார்வையில் நிறுத்தினான். பட்டை நிறைந்தது. நீலப் பின்னணி, வெள்ளை எழுத்து: *நிறுவல் முடிந்தது. நல்வரவு.*

அண்ணி தன் போனை அந்தத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"தம்பி, ரெண்டையும் படி."

"நிருவல் முடிந்தது. நிறுவல் முடிந்தது." அவன் குனிந்தான். "அண்ணி, போன்ல சின்ன ரு. இங்க பெரிய று. இதுக்காகவே என் காதத் திருகின வாத்தியார் ஒருத்தர் இருந்தார். நல்லா இருக்கட்டும்."

சர்வரம்மா எழுந்தேவிட்டார். "அது நான் முதல்ல செஞ்ச தப்பு. சின்ன ரு போட்டுட்டேன். பென்டிரைவ்தான் கண்டுபிடிச்சார். டீ மெஷின் பக்கத்துல, எங்க செக்‌ஷன் ஆளுங்க எல்லார் முன்னாடியும், 'எழுத்துக் கூட்டத் தெரியாதவங்கல்லாம் சர்வர் வெச்சா இப்படித்தான்'னு சிரிச்சார். அன்னிக்கே திருத்திட்டேன்."

"பென்டிரைவா?"

"என் கூட வேலை பாக்கறவர். நான் வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு மேசையா போய், பென்டிரைவச் செருகி சிஸ்டம் போட்டுக் குடுப்பார். அந்தப் பேரே நிலைச்சுடுச்சு. இந்த வேலைய என்கிட்ட குடுத்ததுல அவருக்கு மனசுல ஒரு இது."

"வயித்தெரிச்சல்னு சொல்லுங்க, தப்பில்ல" என்றான் கொழுந்தன்.

அண்ணி போனைப் பையில் போட்டாள். "அப்போ டிராயிங் ஹாலுக்கு மெனு நீட்டினது உங்க சர்வர் இல்ல. நீங்க திருத்தறதுக்கு முன்னாடி எடுத்த நகல். அதுல 'ஒண்ணும் சொல்லலைன்னா அழிச்சிடு'ன்னு மாத்தி வெச்சிருக்காங்க. ரெண்டு சர்வர் இருந்தா மெஷின் யார் பேச்சக் கேக்கும்?"

"யார் முதல்ல பதில் சொல்றாங்களோ, அவங்க பேச்ச."

"பக்கத்துல நிக்கறவன் முந்திக்குவான். வா தம்பி."

டிராயிங் ஹாலில் மின்சாரம் இல்லாததால் ஜன்னல் திரைகளை ஒதுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு பக்கமும் தடுப்பு. உயரம் போதாதென்று சிலர் அதன்மேல் அட்டையை வேறு ஒட்டியிருந்தார்கள். ஆர்க்கிடெக்டுகள் வேலையில்லாமல் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். தூணுக்குப் பின்னால் இருந்த மேசையில் ஒருவர் தலையைக் கவிழ்த்துத் தேம்பிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசைப் பெண் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"புருஷன் பெண்டாட்டி" என்று முதலாளி காதோடு சொன்னார். "ரெண்டு பேருமே நல்ல கை. அவருக்கு ஏற்கனவே பேர் இருக்கு. அந்தம்மா இப்பதான் மேல வர்றாங்க. பாவம், தன் படமும் போச்சு, அவரையும் தேத்தறாங்க."

அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். எல்லா மேசையிலிருந்தும் நீல கேபிள்கள் தரைக்கடியில் ஓடி, சுவரோரம் இருந்த இரும்புப் பெட்டியில் போய்ச் சேர்ந்தன. பெட்டியிலிருந்து ஒரு கேபிள் மட்டும் வழி தவறிய ஆடு மாதிரி எதிர்த் திசையில் போயிற்று. பெரிய படங்கள் அச்சடிக்கும் இயந்திரத்தின் பின்னால், காகிதச் சுருள்களுக்கு நடுவே நுழைந்தது. கொழுந்தன் கையை விட்டுத் துழாவினான். பழைய லாப்டாப் ஒன்று வந்தது. மூடியில் ஒரு மண்டையோட்டு ஸ்டிக்கர்.

"ஸ்டிக்கர் நம்ம பென்டிரைவோடது" என்று யாரோ சொன்னார்கள்.

முதலாளி போட்ட சத்தத்தில் பென்டிரைவ் ஓடி வந்தார். கழுத்துக் கயிற்றில் தொங்கிய பென்டிரைவ் முன்னும் பின்னும் ஆடியது. லாப்டாப்பைப் பார்த்ததும் நின்றார்.

"என்னோடதுதான். ரிப்பேர்னு பழைய சாமான் அலமாரில போட்டு ரொம்ப நாளாச்சு. அந்த அலமாரிக்குப் பூட்டே கிடையாது சார்."

"சர்வரம்மா மேல உனக்கு இருக்கற எரிச்சல் ஆபீசுக்கே தெரியும்."

"இருக்கு சார். இல்லைன்னு சொல்லல." அவர் சர்வரம்மாவைப் பார்க்காமல் பேசினார். "முன்னாடி ஒவ்வொரு மேசையா போவேன். 'வாங்கண்ணே, உக்காருங்க'ம்பாங்க. டீ குடுத்துக்கிட்டே வீட்டு விஷயமெல்லாம் பேசுவாங்க. இப்ப என்னைத் தேடி யார் வர்றா? அவங்க தோத்தா எனக்குச் சந்தோஷம்தான். அதுக்காக இத்தனை பேர் வயித்துல அடிப்பேனா?"

முதலாளி பதில் சொல்லும் முன் அண்ணி குறுக்கே புகுந்தாள். "அவர் இல்ல. அவங்க எழுத்துப் பிழையச் சொல்லிச் சிரிச்சவரே அவர்தான். அத அவர் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார். அவங்க மேல பழி போடறதா இருந்தா, இப்ப அவங்ககிட்ட இருக்கற மாதிரியே திருத்தித்தான் போட்டிருப்பார். இங்க பிழை அப்படியே இருக்கு. திருத்தினதே தெரியாத ஒருத்தர் செஞ்ச வேலை இது."

"அப்போ யாரு?"

அண்ணி மேசைகளுக்கு அடியில் குனிந்தாள். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனவள், தூணுக்குப் பின்னால் இருந்த இரண்டு மேசைகளுக்கு வந்ததும் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். கொழுந்தன் அவளுக்குப் பக்கத்தில் குந்தினான்.

"என்ன அண்ணி, எலியா?"

"இந்த மெஷினப் பாரு. கேபிள் இல்ல. துளை காலியா இருக்கு. இதோட கேபிள் குறுக்க இழுத்துப் பக்கத்து மேசை மெஷின்ல செருகியிருக்கு. அந்த மெஷினோட சொந்தக் கேபிள் கீழ கிடக்கு. நுனியில கிளிப் உடைஞ்சிருக்கு." அவள் அந்த உடைந்த நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "தானா உடையல. நகவெட்டி மாதிரி ஏதோ வெச்சு வெட்டியிருக்காங்க. வெட்டின இடம் சுத்தமா இருக்கு."

"கேபிள் இல்லாத மெஷின் குரல் குடுத்தா?"

"யாருக்கும் கேக்காது. யாரும் வர மாட்டாங்க. கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பாத்துட்டு, உள்ள இருக்கறதையே திறந்துக்கும்."

கொழுந்தன் இரண்டு மெஷினையும் மாறி மாறிப் பார்த்தான்.

அண்ணி எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, ஹால் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள். "ஒரு மெஷின் தப்பிச்சிருக்கு. அதுல இருக்கற படம் பத்திரமா இருக்கும்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. தடுப்புகளுக்கு மேல் தலைகள் முளைத்தன. "என்னோடதா?" என்றார் ஒருவர். "மேடம், என்னோடதா?" என்றாள் ஒருத்தி. "என் மெஷினா?" "கடைசி வரிசையா, என்னோடதா?"

ஆனால் அத்தனை குரலுக்கும் முன்னால் ஒரு குரல் முந்தியிருந்தது. கவிழ்ந்திருந்த தலையைச் சட்டென்று நிமிர்த்தி, அந்தக் கணவர் கேட்டிருந்தார்.

"அவளோடதா?"

மனைவியின் கண் கலங்கிவிட்டது. முன்வரிசையில் ஒருத்தி, "பாத்தீங்களா, தன்னோடதக் கேக்கல மனுஷன்" என்றாள்.

"நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்" என்றாள் அண்ணி. "கேக்கும்போது சார் முகத்துல கொஞ்சமாவது சந்தோஷம் இருந்திருந்தா."

அண்ணி சர்வரம்மாவிடம் திரும்பினாள்.

"உங்க சர்வர முதல் முதல்ல யார் மெஷின்ல சோதிச்சுப் பாத்தீங்க?"

சர்வரம்மா தயங்கி, அந்தக் கணவரைப் பார்த்தார். "சாரோட மெஷின்லதான். அவர் ஒருத்தர்தான் ஆர்வமா உக்காந்து கேட்டார். எப்படி அமைக்கறது, எத மாத்தினா என்ன ஆகும்னு ஒண்ணு விடாம. கத்துக்கறேன், ஒரு நகல் குடுங்கன்னார். என் வேலைய இவ்வளவு மதிச்சு யாரும் கேட்டதில்லைங்க. சந்தோஷமா குடுத்தேன்." நிறுத்தி, மெல்லச் சேர்த்தார். "நான் எழுத்தத் திருத்தறதுக்கு முன்னாடி."

"ஆனா அவர் படமும் போயிருக்கே" என்றார் முதலாளி. "தன் வீட்டுக்கே யாராவது தீ வெச்சுக்குவாங்களா?"

"வெச்சுக்கல. தன் மெஷினக் காப்பாத்த ஏற்பாடு பண்ணிட்டுத்தான் போனார். நேத்து கிளம்பும்போது கிளிப்ப வெட்டி, கேபிளக் கழட்டி விட்டிருக்கார். காலையில எல்லா மெஷினும் அழியும். இவரோடது மட்டும் தப்பிக்கும். ஏன்னு கேட்டா, கிளிப் உடைஞ்சு கேபிள் கழண்டிருக்கு, என் அதிர்ஷ்டம்னு சொல்லிக்கலாம். ஆனா அதுக்கப்புறம் யாரோ வந்து வேற கேபிள மாட்டியிருக்காங்க."

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மனைவியின் கை கணவரின் முதுகிலிருந்து மெதுவாக விலகியது.

"நான்தான் மாட்டினேன்" என்றாள். "நேத்து இவர் கிளம்பின பிறகு மேசைய ஒழுங்கு பண்ணிட்டு இருந்தேன். இவர் கேபிள் கழண்டு கிடந்துச்சு. செருகினா நிக்கல. காலையில படம் அனுப்பற அவசரத்துல தடுமாறுவாரேன்னு என்னோடதக் கழட்டி இவருக்கு மாட்டினேன்." அவள் அவரைப் பார்த்தாள். "எனக்கு வேற ஒண்ணு வந்து கேட்டு வாங்கிக்கலாம்னு இருந்தேன்."

கணவர் மேசையின் கீழே பார்த்தார். குறுக்காகப் போன நீல கேபிளை அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது. அவர் அதுவரை அழுதது நடிப்பில்லை. காலையில் சுவிட்சை அணைக்கும் முன்பே தன் திரையில் அந்த நீலத்தைப் பார்த்திருந்தார்; தன் படம் ஏன் போனதென்றுதான் அவருக்கு விளங்கவே இல்லை. இப்போது விளங்கியது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஏன்?" என்றாள் மனைவி.

விரல்களுக்குள்ளிருந்து குரல் வந்தது. "நான் ஒரு கோடு போட நாலு கோடு அழிப்பேன். நீ பக்கத்துல உக்காந்து வாய்க்குள்ளயே பாட்டு முணுமுணுத்துக்கிட்டு வரைவ. தடுப்புக்கு மேல அட்டை வெச்சேன், அப்பவும் கேக்கும். உனக்குக் கஷ்டமே இல்ல. நல்லா வரும்னு உனக்கே தெரியும். அந்தப் பாட்டு நின்னா போதும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

"என் படம் மட்டும் போனா சந்தேகம் வரும்னு இத்தனை பேரோடதையும் சேத்தீங்களா?"

அவர் தலையசைத்தார். முதலாளி கதவைப் பார்த்துக் கையை நீட்டினார். "நீங்க இனிமே இங்க வேண்டாம்."

பழைய லாப்டாப்பின் கேபிளைப் பிடுங்கிவிட்டு மெயின் சுவிட்சைப் போட்டார்கள். ஹால் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தன. மனைவியின் மெஷின் மட்டும் கேட்பாரற்றுக் கொஞ்ச நேரம் குரல் கொடுத்துவிட்டு, தன் பழைய முகத்தோடு விழித்தது. அவள் படத்தைத் திறந்தாள். படிக்கட்டுகளே வாசிப்பு மேடைகளாக ஏறிப் போகிற ஒரு நூலகம். அட்டைத் தடுப்புகளுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்து பார்த்தார்கள். யாரும் பாராட்டவில்லை. ஒருவர் மட்டும், "ச்சே, எனக்கு இது தோணாமப் போச்சே" என்றார். அந்த ஹாலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

பென்டிரைவ் சர்வரம்மாவின் பக்கம் வந்து தொண்டையைச் செருமினார். "மேலோட்டமாத்தான் அழிச்சிருக்கு. தோண்டினா மத்தவங்களோடது கொஞ்சமாவது வரும். நீங்க அந்த வரிசை, நான் இந்த வரிசை." சர்வரம்மா ஸ்வெட்டர் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கணவர் கதவருகே போயிருந்தார். மனைவி திரும்பாமலே பேசினாள்.

"உங்க படத்தோட காப்பி என் மெஷின்ல இருக்கு. போன வாரம் எனக்குக் காட்டினீங்க இல்ல, அப்ப எடுத்து வெச்சேன்."

அவர் நின்றார்.

"அந்த வாசல். மழை விழுந்தா உள்ள வர்றவங்க நனையாம, ஆனா மழையப் பாத்துக்கிட்டே வர்ற மாதிரி வளைச்சிருக்கீங்களே. எனக்கு அது தோணல. ரெண்டு நாள் சாப்பாடே இறங்கல. அவ்வளவு பொறாமையா இருந்துச்சு. அதான் எடுத்து வெச்சுத் திரும்பத் திரும்பப் பாத்தேன்." அவள் முதலாளியிடம் கேட்டாள். "சார், ஆள வேண்டாம்னு சொன்னது உங்க முடிவு. படம் நல்ல படம். அதையும் அனுப்பலாமா? அவர் பேர்லயே."

முதலாளி அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஜன்னலைப் பார்த்தாள். கடைசியில் அவர், "அனுப்புங்கம்மா" என்றார்.

கணவர் இரண்டடி எடுத்து வைத்து உள்ளே வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள் அவள். "வீட்டுக்கு வராதீங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, மேசைமேல், அவள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. அவர் மெஷினிலிருந்து தன் கேபிளைக் கழற்றித் தன்னுடையதில் மாட்டி, முதலில் அவர் படத்தை அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்ததென்று திரையில் வந்த பிறகு தன்னுடையதை அனுப்பினாள். அதன்பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். அவர் படியிறங்கிப் போயிருந்தார்.